ஆராதனை முடிந்தபின் அந்தப் புதியவரை யார் வீட்டுக்கு அழைத்துப்போவது?

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: 3 யோவான் முழுவதும், ஆதியாகமம் 18:1-8, எபிரெயர் 13:1-3



மூன்றாம் யோவான் நிருபத்தை நம்மில் அநேகர் இரண்டாம் வசனத்தோடு முடித்துவிடுகிறோம். ஆத்துமா செழித்திருப்பதுபோல சரீரமும் மற்ற எல்லாமும் செழிக்கவேண்டும் என்று யோவான் வாழ்த்துகிற வசனம் அது. புதுவருஷக் காலண்டரில் அச்சடிக்கிறோம். வாக்குத்தத்த அட்டையில் வந்தால் சந்தோஷப்படுகிறோம். கடை வைத்திருக்கிறவர்கள் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த வாழ்த்து யாருடைய முகவரிக்குப் போனது? காயு என்கிற ஒரு விசுவாசிக்கு. அந்தக் காயு என்ன செய்தான்? முன்பின் தெரியாத சகோதரர்களைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டான். அவர்கள் போய் வேறொரு சபையில், "காயு எங்களுக்கு இப்படிச் செய்தான்" என்று சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சி யோவானின் காதுக்கு வந்தது. இரண்டாம் வசனத்தின் ஆசீர்வாதத்தைக் கேட்கிற நாம் ஐந்தாம் வசனத்துக்கும் வரவேண்டும் அல்லவா!

இந்தச் சிறிய நிருபத்தில் மூன்று பேர் பெயர் வருகிறது. காயு, தியோத்திரேப்பு, தேமேத்திரியு. தேமேத்திரியு எல்லாராலும் நற்சாட்சி பெற்றவன். இந்தக் கடிதத்தைக் காயுவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவனே அவன்தான் என்று வேத அறிஞர் பலர் எண்ணுகிறார்கள். அப்படியானால் அவனும் அந்த வீட்டு வாசலில் போய் நின்ற ஒரு அந்நியன். தியோத்திரேப்புவைக் கவனியுங்கள். காணிக்கையைத் திருடினான் என்றோ, விபசாரத்தில் விழுந்தான் என்றோ யோவான் எழுதவில்லை. சபையில் தான்தான் முதலாளாக இருக்கவேண்டும் என்று விரும்பினான். அப்போஸ்தலர்களைப் பற்றி அவதூறு பேசினான். அதற்குமேல், வந்த சகோதரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ள மனமாயிருந்தவர்களையும் தடுத்து, சபைக்குப் புறம்பாக்கினான். ஒரு சபைத் தலைவனுடைய பாவம் வேதத்தில் பேர்போட்டு எழுதப்பட்டிருக்கிறது. அது விருந்தினரை மறுத்த பாவம். இது எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களுக்கு எப்படியோ.

அந்த நாட்களில் ரோமர்கள் நல்ல ரோடு போட்டிருந்தார்கள். ஆனால் வழியில் இருந்த சத்திரங்கள் திருட்டுக்கும் துன்மார்க்கத்துக்கும் பேர்போனவை. ஊழியர்களோ அவிசுவாசிகளிடம் ஒன்றும் வாங்குவதில்லை என்று புறப்பட்டவர்கள் (வசனம் 7). அப்படியானால் இருட்டின பிறகு எங்கே போவார்கள்? ஒரு விசுவாசியின் வீட்டுக்குத்தான். பிலிப்பியில் லீதியாள் கதவைத் திறந்தாள். எருசலேமில் சீப்புருதீவானாகிய மினாசோன் என்ற பழைய சீஷன் இடம் கொடுத்தான். ரோமாபுரிக்குக் கைதியாகப் போகிற வழியில் புத்தேயோலி பட்டணத்துச் சகோதரர் பவுலை ஏழு நாள் தங்களோடு வைத்துக்கொண்டார்கள் (அப். 28:14). அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிற அற்புதங்களை மட்டும் எண்ணாதீர்கள். ஒருதரம் உட்கார்ந்து அதில் எத்தனை வீடுகள் வருகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

விருந்தினன் என்றால் யார்?

ரோமர் 12:13-லும் எபிரெயர் 13:2-லும் வருகிற கிரேக்கச் சொல் பிலோக்செனியா. பிலோ என்றால் அன்பு, சிநேகம். க்செனோஸ் என்றால் அந்நியன். அந்நியனை நேசிப்பது என்று அர்த்தம். நம்முடைய தமிழிலும் ஏறக்குறைய அதே கதைதான். விருந்து என்கிற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியத்திலேயே அந்த அர்த்தத்தில் வருகிறது. புதிதாய் வந்தவன்தான் விருந்தினன். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. சுவிசேஷம் அறியாத நம் முன்னோர்கூட அந்நியனுக்குச் சோறு போடுவதை அறமாக எண்ணினார்கள். இன்றைக்கு நாம் மச்சானுக்கும் சம்பந்திக்கும் கறிக்குழம்பு வைத்துவிட்டு, "விருந்து உபசரிப்பு செய்தேன்" என்கிறோம். அது உறவு முறை, செய்யவேண்டியதுதான். ஆனால் வேதம் சொல்வது அதை அல்ல. திருப்பிச் செய்கிறவர்களையே அழைக்காதே என்று ஆண்டவர் லூக்கா 14-ல் சொன்னதை நாம் பிரசங்கத்தில் கேட்கிறதோடு சரி.

எபிரெயர் 13:2 என்றவுடனே தேவதூதர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். தேவதூதன் வருவான் என்று எதிர்பார்த்துக் கதவைத் திறக்கச் சொல்லவில்லையே. அறியாமல் செய்தார்கள் என்பதுதான் அங்கே விசேஷம். வெயில் நேரத்தில் கூடாரவாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாமுக்குத் தெரிந்தது மூன்று வழிப்போக்கர்கள், அவ்வளவுதான். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். கட்டப்பட்டிருக்கிறவர்களையும் துன்பப்படுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்நியரும், சிறையில் இருப்பவரும், அடிபட்டவரும் ஒரே மூச்சில் வருகிறார்கள்.

நம்முடைய வாசலுக்கு வருகிறவர்கள்

நம்முடைய பக்கம் ரயில் இல்லாத பக்கம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துறையூர் பஸ் பிடித்துத்தான் குரும்பலூர் வரவேண்டும். இங்கே யார் புதிதாக வரப்போகிறார்கள் என்று நினைக்கலாம். வருகிறார்கள். நம் ஊர் அரசுக் கல்லூரியில் படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களோடு துணைக்கு வந்து, நாள்கணக்கில் வராண்டாவில் படுத்துக்கிடக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள். நாரணமங்கலம் டயர் பேக்டரிப் பக்கமும், அரியலூர் சிமெண்ட் ஆலைகள் பக்கமும், கட்டடவேலை நடக்கிற இடங்களிலும் வடநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். "இந்திக்காரப் பசங்க" என்று ஒரே பேரில் தள்ளிவிடுகிறோம். அவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்து ஆதிவாசி ஜனங்களும் உண்டு. ராஞ்சிக்குக் கோஸ்னர் மிஷனெரிகள் வந்தது 1845-ல். அங்கே ஐந்து தலைமுறையாகக் கர்த்தரை ஆராதிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நாம் இரட்சிக்கப்பட்டு எத்தனை வருஷம் ஆகிறது? சிமெண்ட் மூட்டை தூக்குகிற அந்தப் பையனுடைய தாத்தாவின் தகப்பன் ஞானஸ்நானம் எடுத்தவராக இருக்கலாம். நாம் ஸ்தோத்திரம் என்று சொல்லுகிற இடத்தில் வடநாட்டு விசுவாசிகள் "ஜெய் மசீ கி" என்பார்கள். அந்த மூன்று வார்த்தையைக் கற்றுக்கொள்ள நமக்கு எத்தனை நாள் ஆகும்? ஒடிசாவில் 2008-ல் கந்தமாலில் வீடும் ஆலயமும் எரிக்கப்பட்டவர்கள், 2023-ல் மணிப்பூர் கலவரத்தில் ஊரைவிட்டு ஓடினவர்கள், இப்படிப்பட்டவர்களுக்காக உபவாச ஜெபத்தில் கண்ணீரோடு ஜெபித்தோம். அந்த ஊர்களிலிருந்து ஒருவர் நம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தால், "ஆமென்" சொல்லிவிட்டு நாம் மட்டும் சாப்பிடப் போய்விடுவோமா?

இன்னொரு கூட்டம் நம்முடைய பக்கத்திலேயே இருக்கிறது. துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம். 1983-க்குப் பிறகும், மறுபடியும் 1990-க்குப் பிறகும் படகில் ஏறி ராமேஸ்வரம் கரைக்கு வந்து, மண்டபம் முகாமில் பதிவாகி, தமிழ்நாடு முழுவதும் பல முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஜனங்கள். 2021-ல் அரசாங்கம் அகதிகள் முகாம் என்ற பேரை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பேர் மாறியது நல்லது. ஆனாலும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் பண்ணின பிள்ளைகளை நாம் இன்னும் "சிலோன்காரங்க" என்றுதான் சொல்கிறோம். ஜெபத்துக்காக முகாம் வீடுகளுக்குப் போனபோதெல்லாம் நான் கண்டது வேறு. பத்தடிக்குப் பத்தடி வீடு. உள்ளே நுழைந்ததும் முதலில் ஒரு பிளேன்டீ வந்துவிடும். கொஞ்சம் உட்கார்ந்தால் இடியப்பமும் சம்பலும் வரும். "வேண்டாம் அம்மா" என்றால், "இருங்கோ ஐயா, சாப்பிடாமல் எப்படிப் போறது?" என்பார்கள். கிபியா ஊரில் இரவுநேரத்தில் வீதியில் உட்கார்ந்திருந்த லேவியனை அந்த ஊர்க்காரன் ஒருவனும் சேர்த்துக்கொள்ளவில்லை, எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து வந்து அங்கே சஞ்சரித்திருந்த ஒரு கிழவன்தான் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான் (நியா. 19). அந்நியனுடைய மனசு அந்நியனாய் இருந்தவனுக்குத் தெரிகிறது.

"எந்த ஊரு தம்பி?"

இப்போது மனசு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். பிரியமானவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாய் ஒருவர் சபைக்கு வந்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரு தம்பி?" ஊர் பெயர் சொன்னால் அடுத்த கேள்வி, "அங்க எந்தத் தெரு?" அதற்கும் பதில் வந்தால், "அந்தப் பக்கம் இன்னாரைத் தெரியுமா, உங்களுக்கு என்ன முறை?" கேட்கிற நமக்கும் தெரியும், பதில் சொல்லுகிற அவருக்கும் தெரியும், நாம் எதை விசாரிக்கிறோம் என்று. ஊரா காலனியா என்பதுதான் விஷயம். அதற்கு வாயால் பதில் கிடைத்தபிறகுதான், வீட்டுக்கு அழைப்பதா வேண்டாமா என்று உள்ளுக்குள்ளே தீர்மானம் ஆகிறது. அழைத்தாலும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறோம். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் அடுக்கியிருக்கும். அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி வரும். "சுத்தமா இருக்கும் பிரதர்" என்போம். டீக்கடையில் இரட்டை டம்ளர் வைத்தால் பாவம் என்று நமக்குத் தெரிகிறது. சமையல்கட்டில் வைத்தால் தெரியவில்லையா? காலையில் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றோம். மத்தியானம் அவர் தட்டு வேறே, நம் தட்டு வேறே.

"அதெல்லாம் பழைய மிஷன் சபைகளில், நாம் அபிஷேகம் பெற்றவர்கள்" என்று சொல்லாதீர்கள். அவர்களுடைய சரித்திரத்தைக் கேட்டால் நமக்கும் புத்தி வரும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஆலயத்துக்குள்ளேயே ஜாதிவாரியாக உட்காருகிற வழக்கம் இருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், ஜாதிவித்தியாசத்தைச் சபையிலிருந்து முழுவதும் எடுத்துப்போட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதற்கு அநேகர் சபையைவிட்டே விலகி நின்றார்கள். மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1847-ல் ஒரு பரீட்சை வைத்தது. வேதவினாவா, ஜெபமா? இல்லை. எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்பின் விருந்து. உபதேசியார்மார் வந்து உட்காரவேண்டும். வசனம் சொல்லத் தெரிந்தவர்கள், பிரசங்கம் பண்ணத் தெரிந்தவர்கள், அந்தச் சாப்பாட்டில் உட்காரமுடியாமல் வேலையை விட்டுப் போனார்கள். மிஷனெரிகள் வெள்ளைக்காரர்கள், நம் ஜனத்தின் எல்லா உள்விவகாரமும் அவர்களுக்குப் புரிந்ததென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே சோதிக்கவேண்டும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்ததும் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றித்தான் (கலா. 2:11-14). யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பது அங்கே சுவிசேஷ சத்தியத்தைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

நம்முடைய பெந்தெகொஸ்தே எழுப்புதலே ஒரு அந்நியனுக்குத் திறந்த வீட்டில் தொடங்கியது தெரியுமா? வில்லியம் ஜோசப் சீமோர் என்பவர் அடிமைகளாயிருந்து விடுதலையான கறுப்பினப் பெற்றோருக்கு 1870-ல் பிறந்தவர். அமெரிக்காவில் ஹூஸ்டன் பட்டணத்து வேதபாடசாலையில், நிறவேற்றுமையினால் வகுப்புக்கு வெளியே இருந்தபடி பாடம் கேட்டார். 1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்துச் சபை ஒன்றின் அழைப்பின்பேரில் அங்கே போய்ப் பிரசங்கித்தார். அவருடைய உபதேசம் பிடிக்காமல் அந்தச் சபையார் கதவைப் பூட்டிவிட்டார்கள். கையில் காசில்லை, ஊர் புதிது. அப்போது எட்வர்ட் லீ என்ற ஒரு சாதாரணத் தொழிலாளி தன் வீட்டில் அவரைச் சேர்த்துக்கொண்டார். உபதேசத்தில் முழுச்சம்மதம் இல்லாமலேதான் முதலில் சேர்த்துக்கொண்டார் என்கிறார்கள். அந்த வீட்டில் ஜெபம் ஆரம்பித்து, கூட்டம் அதிகமாகி, போனி பிரே தெருவில் ரிச்சர்ட் ஆஸ்பெரி, ரூத் ஆஸ்பெரி தம்பதியின் வீட்டுக்கு மாறியது. 1906 ஏப்ரல் 9-ம் தேதி ஆவியானவர் ஊற்றப்பட்டார். அதற்குப் பிறகுதான் அசூசா தெரு. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் உட்காரக்கூடாது என்றிருந்த நாட்களில், அங்கே ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து ஜெபித்தார்கள். அந்நியபாஷையைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது அந்த இரண்டு வீடுகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுப்படியில் இருக்கிற சகோதரியை மறக்காதீர்கள்

சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கேட்காமல் நாலு பேரை அழைத்துவந்துவிட்டு, மனைவி முகம் சுளித்தால் "சாராள் மூன்றுபடி மாவு பிசைந்தாளே" என்று வசனம் சொல்லாதீர்கள். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். மாட்டுமந்தைக்கு ஓடினது ஆபிரகாம். தண்ணீருக்கு ஏற்பாடு பண்ணினது ஆபிரகாம். அவர்கள் சாப்பிடுகிறவரைக்கும் மரத்தடியில் பக்கத்தில் நின்றதும் ஆபிரகாம்தான். தொண்ணூற்றொன்பது வயது. நம்மில் சிலர் டம்ளர்கூட எடுத்து வைப்பதில்லை. வெங்காயம் அறுவடை, மக்காச்சோளம் உடைப்பு என்று வாரம் முழுதும் காட்டில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மூச்சுவிடுகிற சகோதரிகள் இவர்கள். முறுமுறுப்பில்லாமல் உபசரிக்கும்படி பேதுரு எழுதினது வீட்டில் இருக்கிற எல்லாருக்கும்தான்.

பிரியாணி செய்யவேண்டியதில்லை. சனிக்கிழமை இரவே ஒரு ஆழாக்கு அரிசி அதிகமாக ஊறப்போடுங்கள். குழம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் கூடட்டும். யாரும் வரவில்லை என்றால் சாயங்காலம் பழைய சோறு ஆகட்டும். ரசமும் அப்பளமும் போதும். வந்தவர் பசியைவிட, "என்னை ஒருத்தர் உள்ளே கூப்பிட்டார்" என்பதைத்தான் ஞாபகம் வைப்பார். கறியில்லை என்று வெட்கப்பட்டு அழைக்காமல் விடுகிறவர்கள் நம்மில் அநேகர். அது தாழ்மை மாதிரித் தோன்றும், உண்மையில் கௌரவம்.

கள்ளர் வந்தால்?

இந்தக் கேள்வி நியாயமானது. இரசீதுப் புத்தகமும் யாரோ கையெழுத்துப்போட்ட கடிதமும் எடுத்துக்கொண்டு சபை சபையாகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துவின் உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டில் ஏற்கவேண்டாம் என்று இதே யோவான் இரண்டாம் நிருபத்தில் எழுதியிருக்கிறார். ஆதிச்சபைக்கும் இந்தத் தொந்தரவு இருந்தது. டிடாகே என்று ஒரு பழைய கையேடு உண்டு. வேதத்தில் சேராதது, ஆனால் அப்போஸ்தலர் காலத்துக்கு மிகவும் பக்கத்தில் எழுதப்பட்டது. 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் அதன் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அது சொல்லுகிற முறை நமக்கும் உதவும். வருகிற ஊழியனை ஏற்றுக்கொள்; ஒருநாள் தங்கட்டும், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கட்டும்; மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் அவன் கள்ளன். போகும்போது அப்பம் மட்டும் வாங்கட்டும். பணம் கேட்டால் கள்ளன். சாதாரண விசுவாசி ஊரில் நிலையாய் இருக்க விரும்பினால் தொழில் செய்து பிழைக்கட்டும். பாருங்கள், முதலில் ஏற்றுக்கொள், பிறகு சோதித்துப்பார் என்கிற வரிசை. நாமோ சோதிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, பாஸ்டர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

இன்றைக்குச் சோதிக்கிறது சுலபம். "உங்க பாஸ்டர் நம்பர் கொடுங்க பிரதர்" என்று கேட்டுப் பேசிவிடலாம். பெபேயாளைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதின சிபாரிசும் அந்த மாதிரிதான். உண்மையானவர் இதற்குக் கோபப்படமாட்டார். பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கோ, தனியாய் இருக்கிற விதவைத் தாயார் வீட்டுக்கோ தெரியாத ஆணை இரவு தங்க அனுப்பாதீர்கள். அவர்கள் பகலில் சாப்பாடு கொடுக்கட்டும். ராத்தங்கலுக்குப் பிள்ளைகுட்டியோடு இருக்கிற குடும்பத்தார் யாராவது முன்வரட்டும். அதுவும் வசதிப்படாவிட்டால் சபைப் பணத்தில் லாட்ஜில் ரூம் போட்டு, சாப்பாடு மட்டும் வீட்டில் கொடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வந்த விசுவாசி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிவுசெய்வது சட்டம், அதையும் ஒழுங்காய்ச் செய்துவிடுங்கள்.

ஆறாம் வசனத்தில் ஒரு காரியம் மீதியிருக்கிறது. தேவனுக்கு ஏற்றபடி அவர்களை வழிவிட்டு அனுப்பவேண்டும் என்கிறார் யோவான். அங்கே வருகிற கிரேக்கச் சொல்லுக்கு வெறுமனே கையசைத்து அனுப்புகிறது என்று அர்த்தமில்லை. வழிச்செலவுக்குக் கொடுத்து, அடுத்த இடம் சேருகிறவரை பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். ஆகவே வந்தவர் புறப்படும்போது சட்டைப்பையில் பஸ் கட்டணம் இருக்கிறதா என்று கேட்காமலே பாருங்கள். புளிச்சோறு ஒரு பொட்டலம் கட்டிக்கொடுங்கள். இரண்டு சக்கர வண்டி இருந்தால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். அவர் போகிற ஊரில், திருச்சியோ அரியலூரோ உளுந்தூர்பேட்டையோ, நமக்குத் தெரிந்த சபையார் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டு, "நம்ம சகோதரர் ஒருத்தர் வர்றார், பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். போகிறவரிடத்தில், "திரும்பி வரும்போதும் நம்ம வீடுதான்" என்று சொல்லி அனுப்புங்கள்.